கை தூக்கினால் ரிலீவர் வருவார்

"மேடம், யாழினி பையில ரெண்டும் லெஃப்ட் ஷூவா இருக்குது. இன்னும் கொஞ்ச நேரத்துல ப்ரோக்ராம். புள்ள அழுவுறா."

மகளின் பள்ளியிலிருந்து வகுப்பாசிரியை இப்படி அழைத்தபோது, ஆம்பூரில் எங்கள் ஷூ தொழிற்சாலையின் ஸ்டிச்சிங் லைனில் பையர் இன்ஸ்பெக்‌ஷன் நடந்துகொண்டிருந்தது. எங்களிடம் ஷூ வாங்க வெளிநாட்டிலிருந்து வந்த பையர், செக்கிங் மேசையில் ஒவ்வொரு ஜோடியையும் விளக்கொளியில் புரட்டிப் பார்த்தார். இடதும் வலதும் நிறம் ஒத்திருக்கின்றனவா, தையல் ஒரே அளவில் ஓடுகிறதா என்று அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தயங்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். ஊருக்கெல்லாம் ஜோடி சேர்த்து அனுப்பும் லைனின் சூப்பர்வைசர், சொந்த மகளுக்கு இரண்டு இடது ஷூக்களைக் கட்டிக்கொடுத்து அனுப்பியிருக்கிறேன்!

புதிதாக வேலைக்கு வரும் தாய்மார்களே, தந்தைமார்களே, இந்தக் குறிப்பு உங்களுக்காக. வேலூர்க் கல்லூரியில் படித்த காலத்தில் சொற்போர் மேடைகளில் நான் பெற்ற கோப்பைகள் இன்றும் எங்கள் வீட்டு அலமாரியை நிறைத்திருக்கின்றன. ஆயினும், நான் பேசியவற்றுள் மிகச் சிறந்தது எதுவென்று கேட்டால், கோப்பை எதுவும் கிடைக்காத ஒற்றை வாக்கியத்தைத்தான் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை கிரேட்டுகள்

என் கணவர் பிரபு ராணிப்பேட்டையில் ஒரு கெமிக்கல் யூனிட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். நான் விடியலில் கம்பெனி பஸ் ஏறிவிடுவேன். மகள் யாழினி யு.கே.ஜி. எங்கள் மூவரின் காலைப்பொழுதும் மோதாமல் ஓட, தொழிற்சாலையின் முறையையே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வாரத்தின் ஒவ்வொரு பள்ளி நாளுக்கும் ஒரு பிளாஸ்டிக் கிரேட் பெட்டி. அதில் சீருடை, சாக்ஸ், ஷூ, தின்பண்ட டப்பா. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அத்தனையையும் நிரப்பிவிட்டால், காலையில் தேடல் இல்லை, கூச்சல் இல்லை.

"கிரேட்ட எடுத்துக் குடுக்குறதுக்கு நான் ஆப்பரேட்டரா?" என்று பிரபு சிரிப்பார்.

"முதலாவதாக, இது பகிர்ந்துகொள்ளும் பணி. இரண்டாவதாக..."

"தாயே, தீர்ப்ப சொல்லிடு. நான் குளிக்கப் போறேன்."

யாழினிக்கு இந்த ஏற்பாடு ஒரு விளையாட்டு. எங்கள் லைனைப் பற்றி நான் சொல்லும் கதைகளில் அவளுக்கு மிகப் பிடித்தவர் ரிலீவர். லைனில் டைலர் ஒருவர் எழுந்தால் அந்த மெஷின் நிற்கும். மெஷின் நின்றால் பின்னால் வேலை குவியும். ஆகவே, எழ வேண்டியவர் கையைத் தூக்குவார். எல்லா மெஷினும் அறிந்த ரிலீவர் வந்து அந்த இடத்தில் உட்காருவார். ஏன், எதற்கு என்று கேட்பதில்லை. இது எங்கள் லைனின் வழக்கம். சட்டைப் பொத்தான் மாட்ட வராதபோதெல்லாம் யாழினியும் கையைத் தூக்கி, "ரிலீவர்!" என்று கத்துவாள். நான் ஓடுவேன்.

கேட்காத பெர்மிஷன்

பள்ளி விழாவில் யாழினி 'மழை' பற்றிப் பேசப்போகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து நானே பயிற்சி கொடுத்தேன். நிமிர்ந்து நில், கடைசி வரிசையைப் பார், நடுவில் நிறுத்தாதே. முதல் மேடை. முதல் வரிசையில் நான் இருக்க வேண்டுமென்று அவள் கேட்டாள். விழா நாளும் பையர் வரும் நாளும் ஒன்றாக அமைந்தன.

விழா நேரத்துக்கு மட்டும் வெளியே போய்வரப் பெர்மிஷன் கேட்க மேனேஜர் அறைக்குச் சென்றேன். பணிபுரியும் தாய்மார்களின் உழைப்பால் இத்தொழில் நிமிர்ந்து நிற்பதை எடுத்துரைத்தேன். மன அழுத்தம் குறைந்தால் தரம் உயரும் என்பதை நிறுவினேன். எதிர்த்தரப்பு என்ன சொல்லக்கூடும் என்பதையும் நானே சொல்லி, நானே மறுத்தேன்.

மேனேஜர் பேனாவை மூடினார். "நல்லாத்தாம்மா பேசுற. ஆனா இன்னா வேணும்னு சொல்லவே இல்லியே? லீவா, ஏ.சி.யா, சம்பளமா?"

கேட்டு, மறுக்கப்பட்டால் அது தோல்வி. "ஒன்றுமில்லை சார், பொதுவாகச் சொன்னேன்" என்று திரும்பிவிட்டேன். அன்று மாலை யாழினியிடம், "அம்மா வீடியோவுல பாக்குறேண்டா கண்ணு" என்றேன்.

விழாவுக்கு முந்தைய நாளான ஞாயிற்றுக்கிழமை அவளுடைய இரண்டு ஜோடி ஷூக்களுக்கும் பாலிஷ் போட்டேன். எங்கள் லைனில் இடதெல்லாம் ஒரு கிரேட்டில், வலதெல்லாம் இன்னொரு கிரேட்டில் வரும். செக்கிங் மேசையில்தான் ஜோடி சேரும். பழகிய கை வீட்டிலும் அப்படியே அடுக்கியது. மேடையில் புதிதுபோல் மின்ன வேண்டுமென்று, ஒரு பக்கமிருந்து இரண்டை எடுத்துத் துணியில் சுற்றி மேடைக்கென்று தனிப் பையில் வைத்துக் கட்டினேன். வீட்டில் செக்கிங் மேசை இல்லையே! விழா நாளன்று யாழினி செருப்போடு பள்ளிக்குப் போனாள். பையை யாரும் பிரிக்கவில்லை.

ஒற்றை வாக்கியம்

போனை வைத்தபோது என் முகத்தைப் பார்த்துவிட்டார், எங்கள் ரிலீவர் ஷகிலா அக்கா.

"இன்னா ஆச்சு?"

சொன்னேன். பக்கத்து மெஷினில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அக்கா பொத்திக்கொள்ளவும் இல்லை. "யா அல்லா! பையருக்கு ஜோடி ஜோடியா காட்டுறே, பெத்த பொண்ணுக்கு ரெண்டும் லெஃப்ட்டா? அவர் காதுல விழுந்துச்சுன்னா ஆர்டர் போய்டும்!"

"அவங்க அப்பா ராணிப்பேட்டைல இருக்காருக்கா. வீட்டுச் சாவி ஒண்ணு எங்கிட்ட இருக்கு. என்ன செய்யிறதுன்னே தெரியல."

"நாங்க எழுந்திருக்கணும்னா இன்னா செய்யறோம்? கைய தூக்குறோம். ஒனக்கு மட்டும் கை மரத்துப்போச்சா?" தன் ஸ்கூட்டி சாவியை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். "லைன நான் பாத்துக்கறேன். நீ மொதல்ல மேனேஜரைக் கேளு. பிரசங்கம் பண்ணாத, நேரம் ஆவுது."

பையரின் பின்னால் நின்றிருந்த மேனேஜரிடம் சென்றேன். தோள் உயரத்துக்கு மேல் கையைத் தூக்கினேன். "சார், எனக்கு இப்போதே பெர்மிஷன் வேண்டும்."

அவர் காத்திருந்தார்.

"அவ்ளோதானா? மொதலாவது, ரெண்டாவதுலாம் கெடையாதா?"

"இல்லை சார். மகளின் பள்ளி."

"அன்னிக்கே இதக் கேட்டிருந்தா அன்னிக்கே ஆள் போட்டிருப்பேனே. போம்மா, போ. லைன்ல யாரு?"

"நான்!" என்று கன்வேயர் ஓசையை மீறி அக்காவின் குரல் வந்தது.

வீட்டுக்குச் சென்று ஒற்றை வலது ஷூவை எடுத்துக்கொண்டு பள்ளிக்குள் நுழைந்தபோது யாழினி மேடை ஏறியிருந்தாள். பளபளக்கும் சீருடைக்குக் கீழே வெறும் வெள்ளைச் சாக்ஸ். நிமிர்ந்து நின்றாள். கடைசி வரிசையைப் பார்த்தாள்.

"அவையோருக்கு வணக்கம். மண்ணுக்கு மழை வேண்டும். மரத்துக்கு மழை வேண்டும்..."

நின்றுவிட்டாள். உதடு துடித்தது. மைக்கில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. நடுவில் நிறுத்தாதே என்று சொல்லிக்கொடுத்த நான், நிறுத்தினால் என்ன செய்வதென்று சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

யாழினி தன் வலக்கையை மெல்ல உயர்த்தினாள்.

ஆசிரியைக்குப் புரியவில்லை. "இன்னாடா, தண்ணி வேணுமா?" என்றார். எனக்குப் புரிந்தது. ஷூவைக் கையில் பிடித்தபடியே பெற்றோர் வரிசைகளைக் கடந்து முன்னால் ஓடினேன். சிலர் பயந்து ஒதுங்கினார்கள்.

"பாலாற்றுக்கும் மழை வேண்டும்!" என்றேன். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல் எனக்கு உண்டு. அன்றுதான் அது உரிய இடத்தில் ஒலித்தது.

யாழினியின் முகம் விரிந்தது. "பாலாற்றுக்கும் மழை வேண்டும்!" என்று என்னைவிட உரக்கச் சொல்லி, மீதியையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டு இறங்கி ஓடிவந்தாள். பையிலிருந்த ஓர் இடது ஷூவோடு அந்த வலது ஷூவையும் போட்டுவிட்டேன்.

"அம்மா, நீ வீடியோவுல தான பாப்பேன்னு சொன்ன?"

"நீ கை தூக்குனியேடா."

"நான் கை தூக்குறதுக்கு முன்னாடியே நீ கெளம்பிட்டியா?"

"நானும் கை தூக்குனேன். அதான் வர முடிஞ்சுது."

லைனுக்குத் திரும்பியபோது இன்ஸ்பெக்‌ஷன் பாஸாகியிருந்தது. ஷகிலா அக்கா சாவியை வாங்கிக்கொண்டு, "சாயந்தரம் பொண்ணு காலுக்கும் ஒரு இன்ஸ்பெக்‌ஷன் வெச்சிரு" என்றார்.

இன்றும் ஞாயிறுதோறும் கிரேட்டுகள் நிரம்புகின்றன. ஷூக்களை மட்டும் பிரபு ஜோடி பார்த்து வைக்கிறார். வீட்டின் செக்கிங் மேசை அவர். அவருக்கு டே ஷிஃப்ட் என்றால், மாலையில் யாழினியை எதிர்வீட்டு அக்கா அழைத்துவருகிறார். அவர் மகனுக்கு நான் பேச்சுப் போட்டிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஒழுங்கு பாதி வேலையைச் செய்யும். நாம் எழும்போது வந்து உட்கார ஓர் ஆள் இருப்பதே மீதியைச் செய்யும்.

ஆகவே, லைனில் புதிதாக அமர்ந்திருக்கும் பெற்றோரே, வாதங்களைத் திரட்டிக்கொண்டிராதீர்கள். முதலில் கையைத் தூக்குங்கள். காரணத்தைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.