முதலாளி அறைக் கேமரா

முதலாளி இறந்து சில வாரங்களில் எங்கள் தாம்பரம் ஆபீஸில் இன்டர்நெட் படுத்துவிட்டது. மறைமலை நகர் கம்பெனிகளுக்கு ஒரு டிராயிங் அனுப்புவதற்குள் டீ ஆறிவிடும். கணக்குப் பார்க்கும் அக்கா என்னைக் கண்டாலே, "இன்னா தம்பி, நெட்டு கீதா, இல்ல அதுவும் போய்ச் சேந்துச்சா?" என்பார். சொன்ன பிறகுதான் முதலாளியின் காலி நாற்காலி கண்ணில் படும், நாக்கைக் கடித்துக்கொள்வார். எனக்கோ எரிச்சல். ஆபீஸில் கம்ப்யூட்டர் என்றால் எல்லாம் என் தலையில்தான்.

யார் நெட்டை இவ்வளவு இழுக்கிறார்கள் என்று பார்க்க, ஆபீஸ் கம்ப்யூட்டர் வயர்களெல்லாம் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்ச்சில் லேப்டாப்பைச் செருகினேன். என் லேப்டாப்புக்கு வருவதும் போவதும் மட்டுமே தெரிந்தது. ஸ்விட்ச் அப்படித்தான், அவரவருக்கு வந்ததை அவரவரிடம் மட்டும் கொடுக்கும், பக்கத்து வீட்டுக் கதை பேசாது. அதனால் வெளியே போகும் லைனில் ஓடுவதையெல்லாம் எனக்கும் ஒரு நகல் தரும்படி அதை மாற்றி அமைத்தேன். சிசிடிவி பதிவுப் பெட்டி சிக்கியது. அதற்குள் போய்ப் பார்த்தால், வெளியிலிருந்து யாரோ காலை முதல் விடாமல் வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரே கேமரா, முதலாளியின் அறை. அதுவும் பழைய பதிவு.

எவனோ திருடன் புகுந்துவிட்டான் என்று உடனே பாஸ்வேர்டை மாற்றினேன். நெட் பறந்தது. அக்கா எனக்கு வடை வாங்கிக் கொடுத்தார்.

மறுநாள் மேடவாக்கத்திலிருந்து முதலாளியின் மனைவி போன் செய்தார். "தம்பி, போன்ல அவரு தெரிய மாட்டேங்கிறாரு."

கேமரா பதிவைப் பார்க்கும் ஆப்பை முதலாளியே மனைவியின் போனில் போட்டுக் கொடுத்திருந்தாராம். சிசிடிவி பெட்டி ஒரு மாதப் பதிவைத்தான் வைத்திருக்கும், பிறகு பழைய நாளை அழித்து அதன்மேல் புது நாளை எழுதும். புது நாள் என்றால் வெறும் நாற்காலி. அவர் இருந்த நாட்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. நான் பூட்டி வைத்த நேரத்திலும் ஒரு நாள் போயிருந்தது.

மிச்சமிருந்ததை அவசரமாக ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டு, தண்ணி லாரிகளுக்கு நடுவே வண்டியை ஓட்டி அவர் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா டிவியில் போடச் சொன்னார். எந்த நாள், எந்த இடம் என்று அவருக்கு மனப்பாடம். திரையில் முதலாளி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறார். எதிரே டீ கிளாஸோடு நான். நானும் சிரிக்கிறேன்.

"இதுல சத்தம் வராதா தம்பி?"

"வராதும்மா. மைக் இல்லாத கேமரா."

"வீட்டுல இவரு இப்படிச் சிரிச்சு ரொம்ப நாளாயிருந்துச்சு. நீங்கதானே எதிர்ல நிக்கிறீங்க. என்ன சொன்னாரு?"

எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. மறுபடி ஓட்டச் சொன்னார், ஓட்டினேன். முதலாளியின் வாய் அசைகிறது, நான் சிரிக்கிறேன். இந்த முறை அந்த அம்மா டிவியைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.