கறுப்புக் கோலிக்குண்டு

என் மேசை இழுப்பறையை எப்போது இழுத்தாலும் ஒரு கறுப்புக் கோலிக்குண்டு உருண்டுவந்து பலகையில் முட்டும். மரத்தில் கடைந்தது, பெரிய நெல்லிக்காய் அளவு. பதினோரு வருடங்களாக அந்தச் சத்தத்தை வேண்டுமென்றே விட்டுவைத்திருந்தேன்.

நான் அமெரிக்காவில் எம்.எஸ். படித்த காலத்தில், எங்கள் பல்கலைக்கழகத்தின் மாணவர் கிளப்புகள் சிலவற்றுக்குச் சொந்த வீடுகள் இருந்தன. புதிதாக ஒருவரைச் சேர்க்க, உறுப்பினர்கள் ஒவ்வொருவராகப் போய் ஒரு மரப்பெட்டிக்குள் வெள்ளைக் குண்டோ கறுப்புக் குண்டோ போடுவார்கள். ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் அவருக்கு இடமில்லை. போட்டது யார் என்று கேட்கக் கூடாது. அப்படி ஒரு கிளப்பில் சேர நானும் மனுக் கொடுத்தேன். எனக்கு அந்த கிளப்பின் பெருமை தேவைப்படவில்லை, கூரைதான் தேவைப்பட்டது. டிசம்பர் விடுமுறையில் விடுதியை மூன்று வாரம் பூட்டிவிடுவார்கள். கிளப் வீடு மட்டும் உறுப்பினர்களுக்குத் திறந்திருக்கும். கறம்பக்குடிக்குப் போய்வர எனக்கு வசதியில்லை.

அந்த வீட்டில் இருந்த ஒரே இந்தியர் மணமேல்குடி அண்ணன். எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், எனக்கு இரண்டு வயது மூத்தவர். "கவலப்படாத தம்பி, எல்லாப் பயலுககிட்டயும் சொல்லிட்டேன். ஒனக்கு எடம் உறுதி" என்றார். பெட்டியைத் திறந்தபோது பதினான்கு வெள்ளை, ஒரு கறுப்பு. அன்று மாலையே என் அறைக்கு வந்து தோளில் கை வைத்தார். "வெள்ளைக்காரப் பயலுக புத்தியே இப்படித்தான்டா. விட்டுத் தள்ளு."

அந்த மூன்று வாரமும் கெமிஸ்ட்ரி ஆய்வகத்துக் கிடங்கில், இரண்டு ஸ்வெட்டர்களை ஒன்றின்மேல் ஒன்று போட்டுக்கொண்டு, காவலாளி வரும் நேரங்களைக் குறித்துவைத்துக்கொண்டு பதுங்கிக் கிடந்தேன். பிடிபட்டிருந்தால் படிப்பே போயிருக்கும். பெட்டியைத் திறந்த அன்றைய நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்: "அண்ணன் ஆறுதல் சொன்னார். நல்ல மனிதர்."

பதினோரு வருடங்களுக்கு முன் அந்த கிளப்பை மூடினார்கள். பழைய செயலாளர் இந்தக் குண்டை ஒரு கடிதத்துடன் எனக்கு அனுப்பினார். "பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். இதைப் போட்டது உன் ஊர்க்காரர். அன்றே சொல்லாமல் இருந்தது என் கோழைத்தனம்." பழைய நாட்குறிப்பைத் தேடி எடுத்து, "நல்ல மனிதர்" என்பதை அடித்தேன். எழுதியதை நான் அடித்தது அந்த ஒரு முறைதான்.

சென்ற மாதம் அண்ணன் எங்கள் புதுக்கோட்டை வாசகர் வட்டத்தில் சேர மனுக் கொடுத்தார். மனைவி இறந்துவிட்டார், மகள் வெளிநாட்டில். "வீட்டுச் செவத்தப் பாத்தே பொழுது போகுது தம்பி. நீதான் செயலாளராமே, அப்புறமென்ன!" என்று போனில் சிரித்தார். எங்கள் வட்டத்திலும் ஒருவர் மறுத்தால் சேர்க்கை இல்லை. ஆனால் மறுப்பவர் எழுந்து நின்று, மனுக் கொடுத்தவரின் முகத்துக்கு நேராகக் காரணம் சொல்ல வேண்டும். அந்த விதியை எழுதியவன் நான்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், ஆவூரிலிருந்து வரும் தலைவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், மனுவைப் படித்துவிட்டு, "அமெரிக்காவுல படிச்சவருங்க, யாரு வேணாங்கப் போறா?" என்றார்.

எழுந்தேன். நாட்குறிப்பின் அந்தப் பக்கத்தையும், பிறகு கடிதத்தையும் படித்தேன். குண்டை அண்ணன் முன்னால் வைத்தேன்.

"ஒரே ஊர்க்காரன் ரெண்டு பேரு இருந்தா என்னைய எவன் மதிப்பான் தம்பி?" என்றார் மெதுவாக. "அப்ப எனக்கு இருவத்தஞ்சு வயசுடா."

"எனக்கு இருவத்திமூணுண்ணே."

"காரணத்த இத்தனை பேரு முன்னாடியா சொல்லணும்? ரகசிய ஓட்டு வச்சிருக்கலாமே."

"அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்ணே."

தலைவர் என்னைப் பார்த்தார். "மறுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அண்ணன் அந்தக் குண்டைக் கையில் எடுத்தார். பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கினார். அவர் முதுகு கூனியிருந்ததைக் கவனித்தேன். இரக்கம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை, அதையும் அன்றே எழுதிவைத்தேன்.

இப்போது இழுப்பறையை இழுத்தால் சத்தமில்லை. இனி அது அவர் வீட்டில் உருளட்டும்.