வாப்பாவைத் தோற்கடித்த வெள்ளிக்கிழமை

தங்கச்சி மேல் எனக்கு அப்போது இருந்த பொறாமையை இன்றைக்குச் சொன்னால் அவளே சிரிப்பாள். அவள் என்னைவிட நன்றாகப் படித்தாள் என்பதோ, உம்மா அவளுக்கு ஒரு மீன் துண்டு கூடுதலாக வைத்தார் என்பதோ காரணமில்லை. அவள் நன்றாகத் தோற்றாள். அதுதான் காரணம்.

வாப்பாவுக்குச் சவூதியில் வேலை. வெள்ளிக்கிழமை மட்டும் லீவு. ஜும்ஆ தொழுது, சாப்பிட்டுவிட்டு, தென்காசியில் இருந்த எங்களோடு சண்டை விளையாட்டு ஆடுவார். அங்கே அவர் போன், இங்கே உம்மாவின் போன். ஆளுக்கு ஒரு ஆட்டம். ஒவ்வொன்றும் முடிந்த கையோடு அவரே கூப்பிடுவார்.

நான் தோற்றால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, "நெட்டு சரியில்ல வாப்பா" என்பேன். "சரிலே, நல்லாப் படி" என்பார். இரண்டு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். தங்கச்சியோ என்னைவிடக் கேவலமாகத் தோற்றுவிட்டு, வெட்கமே இல்லாமல், "வாப்பா, இப்ப என்னைய எப்படி அடிச்சீய?" என்று கேட்பாள்.

"நீ குதிச்சு வருதல்லா, நான் குனிஞ்சுக்கிடுதேன். நீ இறங்குத நேரம் பாத்து ஒரு உதை!"

அப்படி ஆரம்பித்தால் அரை மணி நேரம் ஓடும். நடுவே அவர் கூட்டாளிகளோடு தங்கியிருந்த ரூமில் யார் குழம்பைத் தீய விட்டார், யார் குறட்டை விட்டார் என்பதெல்லாம் வரும். அவள் சிரிக்கிற சிரிப்பில் எனக்கு வயிறு எரியும். பக்கத்து அறையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அத்தனையையும் ஒட்டுக்கேட்டேன். நான் தேறியதே அப்படித்தான்.

சாரல் காலம். மாமா குடும்பம் வந்து எல்லாரும் ஐந்தருவிக்குக் கிளம்பினார்கள். நான் வயிற்றுவலி என்று பொய் சொன்னேன். போன் நனைந்துவிடும் என்று நல்ல பிள்ளையாக அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன். குதிப்பதுபோல் முன்னால் போய்ச் சட்டென்று பின்வாங்கினால் வாப்பாவின் உதை காற்றில் போகும். கால் திரும்புவதற்குள் அடித்துவிட வேண்டும். போனையே எதிராளியாக வைத்து அதை மட்டும் பழகினேன். முதலில் பத்துக்கு ஒன்று விழுந்தது, சாயங்காலம் பத்துக்கு எட்டு. கட்டைவிரல் கொப்பளித்துவிட்டது.

அந்த வார வெள்ளிக்கிழமை ஜெயித்தேன். கட்டிலில் ஏறிக் குதிக்கும்போதே போன் வந்தது.

"ஏலே, எப்படிலே அடிச்ச? வாப்பாவுக்கும் சொல்லிக்குடேன்."

சொன்னால் அடுத்த வாரமே தடுத்துவிடுவாரே! "அதெல்லாம் சொல்ல முடியாது" என்றேன் கெத்தாக.

"சும்மா சொல்லுலே. ரூம்ல எல்லாரும் வெளிய போயிட்டாவ. நான் மட்டுந்தான் கெடக்கேன்."

"முடியாது வாப்பா."

"சரிலே, தங்கச்சிய ஆடச் சொல்லு."

அவள் ஆடினாள், தோற்றாள், அரை மணி நேரத்துக்கு மேலேயே பேசினாள். ஜெயித்தவனுக்கு இந்த வீட்டில் ஒரு மதிப்பும் இல்லையே என்று சுவரோரம் உட்கார்ந்து பொருமிக்கொண்டிருந்தேன். வாப்பா என்னிடம் கேட்டது அந்த அடியைத்தான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.