மகள் சொன்ன புதிரும் என் தூக்கமும்

என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன வருடம் என் மகள் சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வை இரண்டாம் முறையாக எழுதச் சிதம்பரம் போனபோது நடந்தது இது. எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். நான் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு காய்கறி மண்டியில் மூட்டை இறக்குகிறேன். விடியும் முன்பே லாரி வந்துவிடும். வேலை முடிந்து வீடு திரும்பும்போது தோள் என்னுடையது போலவே இருக்காது.

அந்தத் தேர்வில் ஒருவகைப் புதிர் வருமாம். ஏழு பேர், ஏழு நாள். யார் எந்த நாளில் வருவார் என்பதைச் சில நிபந்தனைகளை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் முறை எழுதியபோது அப்படி ஒரு புதிரைப் பிடித்துக்கொண்டு, விடவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். மற்ற கேள்விகளுக்கு நேரமில்லை. இடமும் கிடைக்கவில்லை.

கோச்சிங் அனுப்ப எங்களுக்கு வசதியில்லை. வாய்விட்டுச் சொன்னால்தான் அவளுக்குத் தெளியும். அதனால் சாயங்காலம் நான் சுவரில் சாய்ந்ததும் எதிரில் வந்து உட்கார்ந்து, இங்கிலீஷில் இருப்பதைத் தமிழில் சொல்லுவாள்.

"டாக்டரு செவ்வாக்கிழம வர மாட்டாரு. வக்கீலு வந்த மறுநாளு வாத்தியாரு வரணும். அப்ப செவ்வாக்கிழம யாருப்பா?"

"செவ்வாக்கிழமயில யாரும்மா புதுசா வருவாங்க? எல்லாரையும் பொதங்கிழம வரச் சொல்லு."

"அய்யோ அப்பா! இதுல நல்ல நாளு, ராவு காலம்லாம் கெடையாது."

உள்ளேயிருந்து என் மனைவி, "போயும் போயும் அவருகிட்ட கேக்குற பாரு. கடைக்கி அனுப்புனா புளிய மறந்துட்டு வர்ற ஆளு" என்பாள்.

கொஞ்ச நேரத்தில் எனக்குக் கண் சொக்கிவிடும். மகள் என் முழங்காலைத் தட்டி, "சரி, இது வேணாம். வேற சொல்றேன்" என்று அடுத்ததற்குப் போவாள். எனக்குக் கூச்சமாக இருக்கும். பிள்ளை படிக்கும்போது விழித்திருக்கக்கூட முடியவில்லையே என்று.

காடாம்புலியூரில் முந்திரிக் கம்பெனியில் வேலை செய்யும் என் மச்சான் ஒருநாள் வந்தான். மகள் நோட்டில் வரிசையாகக் கட்டம் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தான். "என்னா மாமா, ஜோசியம் பாக்குதா? இந்த தடவையும் இல்லன்னா பேசாம எங்க கம்பெனிக்கி அனுப்பிடுங்க. பில்லு போட ஆளு கேக்குறாங்க" என்றான்.

நான் பதில் சொல்லும் முன் மகளே, "சரி மாமா. இந்த தடவ இல்லன்னா வந்துடறேன்" என்று சொல்லிவிட்டாள். அன்று இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

தேர்வு நாளிலும் லோடு இறக்கிவிட்டுத்தான் கிளம்பினேன். பஸ் ஆலப்பாக்கம் தாண்டும் முன்பே தூங்கிவிட்டேன். புதுச்சத்திரத்தில் விழித்துப் பார்த்தால் என் தலை அவள் தோளில் கிடந்தது. பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் தோளில். அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

சிதம்பரத்தில் தேர்வு நடந்த கல்லூரி வாசலில் காரில் வந்தவர்கள் நிறையப் பேர். மகள் உள்ளே போனதும் நான் ஒதுங்கி வெயிலில் நின்றேன். சலவைச் சட்டை போட்ட ஒருவர், "நெழலுக்கு வாங்க சார்" என்று தன் பக்கத்தில் இடம் விட்டார். அவர் மகனும் தேர்வு எழுதுகிறானாம்.

"உங்க பொண்ணு எந்த கோச்சிங்?"

"ஊட்லதாங்க. எங்கிட்டதான் சொல்லிச் சொல்லிப் பாக்கும்."

"ஓ, நீங்களே சொல்லிக் குடுக்குறீங்களா?"

"இல்லீங்க. நான் தூங்கிடுவேன்."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "எம் பையன் ரூம சாத்திக்கிறான் சார். எங்கிட்ட பேசறதே இல்ல" என்றார். அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு வாசலையே பார்த்தபடி இருந்தோம்.

மகள் வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. அவளே சொன்னாள்.

"ஒரு புதிரு மாட்டிக்கிச்சுப்பா. போன தடவ மாதிரியே கையெல்லாம் வேத்துடுச்சு. கண்ண மூடிக்கிட்டு ஒங்கிட்ட சொல்ற மாதிரி மனசுக்குள்ள சொல்லிப் பாத்தேன். பாதியிலயே, இந்நேரம் நீ தூங்கியிருப்பன்னு தோணிச்சு. சிரிப்பு வந்துடுச்சு. சரி, இது வேணாம்னு அடுத்ததுக்குப் போயிட்டேன். மிச்சம் எல்லாத்தயும் எழுதிட்டேம்ப்பா."

"பசிக்கிதாம்மா?" என்று மட்டும் கேட்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் தூங்கினாள். நான் தூங்கவில்லை.

அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. பெரிய கல்லூரி இல்லை, வேறு ஊர்தான். மச்சான் ஒரு பை முந்திரியோடு வந்து, "வக்கீலம்மா, நாளைக்கி எங்க கம்பெனி மேல கேசு கீசு போட்டுடாத" என்று சொல்லி வழியனுப்பினான்.

இப்போது சாயங்காலம் சுவரில் சாய்ந்தால் எதிரில் யாரும் இல்லை. உடம்பில் அதே களைப்புதான், ஆனால் தூக்கம் முன்போல உடனே வருவதில்லை. படிக்காத அப்பனால் பிள்ளைக்கு என்ன செய்துவிட முடியும் என்று பல வருடம் கூசிக் கிடந்த எனக்கு, அவள் சொல்லச் சொல்ல தினமும் எதிரில் உட்கார்ந்திருந்ததே பெரிய காரியம்தான் என்பது அந்தக் கல்லூரி வாசலில்தான் புரிந்தது.

எழுதி முடித்தது: மாசி ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை.