வரியில்லாப் பத்திரமும் என் வாய்ப்பந்தலும்

சிமென்ட் ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் ஒரு பங்கை வரியில்லாப் பத்திரத்தில் போட்டேன். வீட்டுக்கடன் தரும் ஓர் அரசு நிறுவனத்தின் பத்திரம் அது. வட்டிக்கு வருமான வரி கிடையாது என்பதால், வட்டி சற்றுக் குறைவென்றாலும் என்னைப் போன்றவர்கள் வாங்கிவிடுவோம். அப்படி மலிவாகக் கிடைக்கும் பணம், ஏழைகளுக்கு வீடு கட்டக் கடனாகப் போகும். இதில் தருமம் ஒன்றுமில்லை, எனக்கு வரி மிச்சம். ஆனால் வாய் சும்மா இருக்குமா?

அரியலூரில் என் வீட்டில் சமையல் செய்யும் அம்மாவுக்குக் கீழப்பழுவூர். கணவர் இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறையில் மகளோடு வாடகைக்கு இருக்கிறார். ஊருக்கு வெளியே எழும்பிய அரசுக் குடியிருப்பைப் பற்றி ஒருநாள் கேட்டார்.

"அது யாரு காசுன்னு நெனச்சீங்க? என்னோடதும் அதுல இருக்கு" என்றேன். அந்தக் கட்டடத்துக்குத்தான் போனதா என்பது எனக்கே தெரியாது.

"அப்ப எங்களுக்கும் ஒரு வூடு வருமா சார்?"

"பாப்போம்மா, சொல்றேன்" என்றேன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். அத்தோடு மறந்தும் போனேன்.

வீடுகளுக்குச் சாவி கொடுத்துவிட்டார்கள் என்று தெரிந்த அன்று எனக்குக் கோபம் வந்தது. "அடுத்த தெருவுல பாத்திரம் தேய்க்கிறவங்க வாங்கிட்டாங்க. நீங்க ஏம்மா மனு போடல?"

கரண்டியைக் கீழே வைத்தார். "உங்க காசுன்னு சொன்னீங்க. உங்களத் தாண்டிப் போயி ஆபீஸ்ல மனு குடுத்தா நல்லாவா இருக்கும்? நீங்க சொல்வீங்கன்னுதான் சார் இருந்தேன்."

என்மேல்தான் கோபப்பட்டிருக்க வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. பாதிப் பக்கத்தில் ஒரு மனு எழுதிக் கொடுத்திருந்தால் போதும். நான் வாயாலேயே பந்தல் போட்டேன்.

மறுநாள் அவரை ஆபீசுக்கு அழைத்துப் போனேன். எல்லா வீடும் ஒதுக்கியாயிற்று, அடுத்த திட்டம் வந்தால் பார்க்கலாம் என்றார்கள். திரும்பும்போது பஸ் அந்தக் குடியிருப்பைக் கடந்தது. மாடிகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

"இதுல எது சார் உங்க காசுல கட்டினது?"

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.