மீன் சேர்க்காத பரிசோதனை

ஆயுத பூஜை அன்று எங்கள் ஆய்வகத்தில் சென்ட்ரிஃபியூஜ்கூட சந்தனம் பூசிக்கொண்டுதான் நிற்கும். மைசூரில் லாரிக்கும் ஸ்கூட்டருக்கும் மாலை போடும்போது அறிவியல் மட்டும் என்ன பாவம் செய்தது? அந்த வருடம் என் வழிகாட்டிப் பேராசிரியர் அக்ரஹாரத்து வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தார். அதை வைக்க ஃப்ரிட்ஜைத் திறந்தவர் கண்ணில் சால்மன் மீனின் டிஎன்ஏ இருந்த குப்பி பட்டது.

"பூஜை நாளும் அதுவுமா மீனா? தூக்கி வெளியே வைம்மா."

வைத்தேன். யாரோ அதைக் குப்பையில் சேர்த்துவிட்டார்கள். ஆய்வக ஃப்ரிட்ஜில் பொங்கல் வைக்கக் கூடாது என்ற விதி மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

அந்த மீனுக்கு ஒரு வேலை உண்டு. மரபணுவை முடுக்கிவிடும் புரதம், டிஎன்ஏவின் முறுக்கைப் பிரிக்காமலே அதன் பள்ளத்தில் விரல் விட்டு, தனக்குரிய எழுத்துகளைத் தடவிப் படித்துப் பிடித்துக்கொள்ளும். ஆனால் கல்யாண வீட்டில் எல்லோரையும் கட்டிப்பிடிக்கும் மாமாவைப் போல, எந்த டிஎன்ஏ கிடைத்தாலும் லேசாக ஒட்டவும் செய்யும். அந்த வீண் ஒட்டலையெல்லாம் மீன் டிஎன்ஏ வாங்கிக்கொண்ட பிறகு மிஞ்சுவதே உண்மையான பிடி.

மீன் இல்லாமலே பரிசோதனையை ஓட்டச் சொன்னார் சார். மின்சாரத்தால் டிஎன்ஏவை ஓடவிடும் ஜெல்லில், அந்த எழுத்துகள் உள்ள என் துண்டு புரதத்தைச் சுமந்து பின்தங்கி, தடித்த கோடாக நின்றது. சார் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். பட்டம் கிடைத்த மாதிரிதான் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

என் கை சும்மா இருக்காது. எழுத்துகளை மாற்றிய துண்டையும் ஓட்டிப் பார்த்தேன். புரதம் பிடிக்கவே கூடாத அதிலும் அதே தடித்த கோடு. அந்தக் கோடு பொய்யென்றால் என் ஆய்வேடே இல்லை.

புதுக் குப்பி வரவழைத்து, மீன் டிஎன்ஏ சேர்த்து மறுபடி ஓட்டினேன். மாற்றிய துண்டில் கோடு காணாமல் போனது. என் துண்டில் மட்டும் மங்கலாக ஒன்று நின்றது. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

சார் ஜெல் படத்தை ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கன்னடம் கலந்து சொன்னார். "சும்னே எதுக்கும்மா வம்பு? பழைய படத்தையே போடு. இது என் கண்ணுக்கே தெரியலையே."

"உங்க கண்ணுக்குத் தெரியணும்னு இல்ல சார். புரதத்துக்குத் தெரிஞ்சிருக்கு."

அவர் படத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். ஆய்வேட்டில் மங்கலான படம்தான் போனது. அதன் கீழே மீனின் பெயரை நானே எழுதினேன்.