கரும்புக்குள் விட்டுவந்தவள்

கரும்புத் தோகைகள் காற்றில் உரசும் சத்தம், நெருங்கி நின்று கேட்டால், யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவதுபோல இருக்கும். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில், எட்டு வயதில், செலியமேட்டில் எங்கள் கரும்புக் கொல்லையோரம் நின்று அதைக் கேட்ட ஒரு பிற்பகலின் பயம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

வில்லியனூரில் என் சின்னம்மா காய்ச்சலில் இறந்துபோக, அவள் மகள் அஞ்சலையை அம்மா எங்கள் வீட்டுக்கு அழைத்துவந்தாள். ஆறு வயது, மாற்றுப் பாவாடை ஒன்றே ஒன்று. அதுவரை அம்மாவின் முகத்தைப் பார்த்தபடி தூங்கிய எனக்கு, அவள் வந்த நாள் முதல் அம்மாவின் முதுகுதான் கிடைத்தது. "தாயில்லாப் பொண்ணுடி, கொஞ்ச நாளு வுட்டுக்குடு" என்பாள் அம்மா.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் வெள்ளிக் கொலுசைப் பார்த்து எனக்கு "வயித்தெரிச்சல்" வந்ததுண்டு. அவளிடம் இருந்தது, என்னிடம் இல்லை; விளையாடப் போனால் மறந்துவிடும். அஞ்சலையிடமோ நான் ஆசைப்பட எதுவுமே இல்லை. என்னிடம் இருந்தது போய்விடும் என்ற நடுக்கம் இது. இரண்டையும் பொறாமை என்றே சொல்கிறோம். ஆனால் இதில் வயிறு எரியவில்லை, கைகால் சில்லிட்டுப்போயின.

"உள்ள முயக்குட்டி இருக்குது, வாடி" என்று அவளைக் கரும்புக்குள் வெகுதூரம் கூட்டிப்போய், "இங்கியே நில்லு" என்று சொல்லிவிட்டு ஓடிவந்தேன். வரப்பேறியதும், காட்டுப்பன்றி ஒன்று அங்கே ஆளைக் குத்தியதாகப் பெரியவர்கள் பேசியது நினைவுக்கு வந்தது. "அஞ்சல" என்று கத்தினேன். தோகைச் சத்தம்தான் பதிலாக வந்தது.

கூழ் கொண்டுவந்த அம்மா, "இன்னாடி, அவ எங்க?" என்றாள்.

"தெரியலம்மா."

அம்மா பானையைப் போட்டுவிட்டுக் கரும்புக்குள் பாய்ந்தாள். அவள் குரல் தூரமாகித் தூரமாகி நின்றுபோனது. அம்மாவும் திரும்பிவரமாட்டாள் என்று நினைத்தபோது என் பாவாடை நனைந்துவிட்டது. எது பறிபோகும் என்று பயந்தேனோ அதை நானே கொண்டுபோய்த் தொலைத்துவிட்டேன்.

வெயில் சாயும் நேரத்தில், முகமெல்லாம் கீறலோடு, அவளை இடுப்பில் சுமந்து அம்மா வந்தாள்.

"நாந்தான் பெரீம்மா, முயலு பாக்கப் போனேன்" என்றாள் அஞ்சலை, என்னைப் பார்த்துக்கொண்டே.

அம்மா என் கைகளைப் பார்த்தாள். அவற்றிலும் தோகை கிழித்த கோடுகள். வீட்டுக்கு வந்ததும் இருவருக்கும் எண்ணெய் தடவினாள். அஞ்சலை என்றாவது சொல்லிவிடுவாள் என்று அதன்பின் பல வருஷம் நான் பயந்து பயந்தே வளர்ந்தேன். அவள் சொல்லவில்லை.

சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தாவாக இருந்தவனுக்கு வாழ்க்கைப்பட்டுக் கப்பலேறிய அஞ்சலையிடமிருந்து சில கடிதங்கள் வந்தன, பிறகு நின்றுபோயின. அம்மா இல்லை. கொல்லை இருந்த இடத்தில் இன்று வரிசையாக வீடுகள். என்மேல் வைத்த பாசத்தால்தான் அஞ்சலை வாயைத் திறக்கவில்லை என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். சொன்னால் அந்த வீட்டில் தனக்கு இடமிருக்காது என்று அந்த ஆறு வயதுப் பெண்ணும் பயந்திருப்பாள் என்பது உறைக்க எனக்கு அறுபது வயது ஆயிற்று.